நாற்பத்தொன்றுக்கு மேல்

மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறினால், கொடி முடியும் இடத்தோடு வேலை முடிந்தது. ஆனாலும் நான் இன்னும் இரண்டு முழம் மேலே போய்ப் பார்ப்பேன். அங்கே காற்று கொஞ்சம் வேறு மாதிரி அடிக்கும். கீழே நிற்கும் என் மனைவி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். எதற்காக ஏறுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஏணி ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு கிளையை ஒரு சாண் விட்டு நறுக்கினால் அதுதான் படி. அதில் ஏறிப் பழகியவனுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் அடிவாரத்து மேஸ்திரி ஒருவர் மலைமேல் இருக்கும் செம்மேடு சந்தைக்கு வந்தார். பெங்களூரில் எழுபது மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது, கம்பி கட்ட ஆள் வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மலை ரோட்டிலும் கொண்டை ஊசி வளைவு சரியாக எழுபது. எவனோ எங்கள் மலையை நிமிர்த்தி நிறுத்தப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பே என்னை பஸ் ஏற்றிவிட்டது.

என் மனைவி அதுவரை மலையை விட்டு இறங்கியதே இல்லை. பஸ் மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். காய்ச்சலில் கிடந்தபோதுகூட நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று பாயைப் பிடித்துக்கொண்டவள். எழுபதாவது மாடியில் உன்னை நிறுத்திக் காட்டாமல் விடமாட்டேன் என்று நான் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சும்மா வாயடித்துவிட்டுப் போக அவள் விடவில்லை. யோசித்து ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

"நீங்க ஒரு மாடி ஏறுங்க, நான் ஒரு வளைவு எறங்குறேன். எழுபது ஆனா நான் அடிவாரத்துல நிப்பேன். அங்கிருந்து கூட்டிட்டுப் போங்க."

அப்படித்தான் நடந்தது. வாரத்துக்கு ஒரு தளம் எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் மாடிக் கணக்கைச் சொல்வேன், அவள் வளைவுக் கணக்கைச் சொல்வாள். மடியில் எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையுமாக பஸ் ஏறி, சொன்ன வளைவில் இறங்கிக்கொண்டு, மேலே வரும் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். டிரைவர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கிறுக்கச்சி என்று ஊர் பேசியது. பேசட்டும் என்றேன். எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

அந்த உயரத்தை எப்படிச் சொல்வது? இருபதுக்கு மேல் தெருச் சத்தம் வராது. முப்பதில் பருந்தின் முதுகு தெரியும். ஒவ்வொரு வாரமும் காற்று எப்படி அடித்தது என்று அவளுக்குச் சொல்வேன். கம்பி நுனியில் விசில் மாதிரி ஊதியது, தலையில் கட்டிய துண்டைப் பறித்துப்போனது என்று ஏதாவது இருக்கும். மலைக்காரியிடம் வேறென்ன சொல்ல?

நாற்பத்தொன்றாம் தளம் போட்டு முடித்த மறுவாரம், காலையில் போனால் கேட் பூட்டிக் கிடந்தது. முதலாளிகளுக்குள் தகராறு என்றார்கள், கேஸ் என்றார்கள். இனி எழும்பாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. என் கட்டுக்கம்பிச் சுருளும் கொக்கியும் மேலேயே கிடந்தன. அதை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவள் நாற்பத்தொன்று இறங்கியிருந்தாள். நான் நின்றால் அவளும் நின்றுவிடுவாள், பிறகு இந்தப் பிறவியில் இறங்க மாட்டாள். வேலை நின்றுவிட்டது என்று சொல்ல என்னால் முடியவில்லை. நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன்.

பொய்க்கு ஒரு படி வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக ஏறும். வேறொரு குடியிருப்பில், தரைத்தளத்தில், சுவருக்குப் பட்டி மாவு பூசிக்கொண்டே நாற்பத்தெட்டு என்றேன், ஐம்பத்தைந்து என்றேன். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்து ஆடிப் பதினெட்டுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுபது என்றேன். நானும் எழுபதுதான், கூட்டிட்டுப் போங்க என்றாள்.

சொன்ன நாளில் காரவள்ளிக்குப் போனேன். அடிவார பஸ் நிறுத்தத்தில், கல்யாணப் புடவையில், மடியில் பாலிதீன் பையோடு உட்கார்ந்திருந்தாள். பை காலியாக இருந்தது. ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லையாம். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, கட்டடம் எழும்பவில்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"தெரியுமுங்க," என்றாள். "நாப்பத்தொண்ணுக்கு மேல நீங்க காத்தப் பத்தி ஒருநாளும் சொல்லலியே."

தெரிந்தும் ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். நீங்கள் ஏறுவதாகச் சொன்னீர்களே, அதை நான் பொய்யாக்கலாமா என்றாள். திரும்பிப் போய்விடலாம் என்றேன். வந்தது வந்தாச்சு, இருக்கிற வரைக்கும் காட்டுங்க என்றாள்.

அன்று சாயங்காலம் பெங்களூரில், அந்தக் கட்டடம் இருக்கும் தெருவில் நின்றோம். தகர வேலி துருப்பிடித்திருந்தது. உச்சியில் நாங்கள் கட்டிவிட்ட கம்பிகள் அறுத்த சோளத்தட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே விட மாட்டேன் என்றார் வாட்ச்மேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, விரலை நீட்டிக் கீழிருந்து ஒவ்வொரு மாடியாக எண்ண ஆரம்பித்தாள். நாற்பத்தொன்று வந்தது. கம்பி முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. வெறும் வானத்தில் அதே அளவு இடைவெளி விட்டு விரலை உயர்த்திக்கொண்டே போனாள். கழுத்து பின்னால் சாய, விரல் எழுபதில் நின்றது.

"அங்க காத்து எப்படிங்க இருக்கும்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இருபத்தொன்பது வாரம் சொன்னவன்தானே. அன்றைக்கு வாய் வரவில்லை.

"தெரியல புள்ள," என்றேன். "நான் போகலியே."

அவள் விரலை இறக்கவில்லை. நானும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.