மூன்றாவது மாடியில் ஒளிந்திருந்த டிரைவர்

அந்த இலாகாவில் ஜீப் ஓட்டுகிறவருக்கு ஹாரன் என்றுதான் பெயர். வண்டி ஹாரனை வைத்து வந்த பெயர் இல்லை, அவர் தொண்டையை வைத்து வந்தது. மீசை முளைக்கும் முன்னே லாரியில் ஏறியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல், அரசாங்க வேலை கிடைத்த பிறகும் இறங்கவில்லை. கீழே வாசலில் நின்று "ஒரு டீ" என்பார், மேல்மாடியில் கண்ணயர்ந்த குமாஸ்தா எழுந்து பேனாவைத் தேடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் ஒளிந்துகொள்ளச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் ஆள் யாரென்று தெரியாமல் எழுத ஒரு மென்பொருள் இருக்கிறது. அனுப்புகிற சேதி நாலைந்து நாட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து புறப்பட்டு, கடைசியில் முன்பின் தெரியாத ஏதோ ஊரிலிருந்து வந்த மாதிரி வந்து நிற்கும். அந்த முகமூடிக்குள் உட்கார்ந்துகொண்டு யார் யாரோ மந்திரிகளைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அதை உடைக்கவென்றே ஆரம்பித்த இலாகா இது. உடைக்க முடியும் என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டாமா? அதற்கு ஒரு சோதனை. சொந்த ஆள் ஒருவர் ஒளிந்திருந்து அந்த மென்பொருளில் சேதி போட வேண்டும். அதை வைத்தே அவர் இருக்கும் இடத்தை இலாகா கண்டுபிடிக்க வேண்டும். ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் ஆபீசில் சும்மா இருந்த ஒரே ஜீவன் ஹாரன்.

"ரெண்டு நாள் வேலைய்யா. கண்டுபிடிச்சதும் நேரா வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் துணை இயக்குநர்.

"கண்டுபிடிக்கலேன்னா சார்?"

"வாயைக் கழுவுய்யா."

மூன்றாவது மாடியில் ஜெராக்ஸ் அறைக்குப் பக்கத்தில், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர். செல்போனை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கட்டிலைத் தூக்கிப் போட்டவர்களே தேடுகிற ஆட்கள்தான். ஆனால் தெரிந்ததை வைத்துக் கண்டுபிடித்தால் அது சோதனை ஆகாதே! அதனால் எல்லாரும் தெரியாதவர்களாகிவிட்டார்கள். எதிர் ஹாலில் உட்கார்ந்து ராப்பகலாகத் தேடினார்கள். ரெண்டு நாள் ரெண்டு வாரமாக இழுத்தது.

ஹாரன் விரல் விட்டு நாளை எண்ண ஆரம்பித்தார். அவருடைய ஒரே மகள் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள். மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவாள். "நானே வண்டியில கூட்டிட்டுப் போய் ஏத்தி விடறேன் பாப்பா" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பொறுக்க முடியாமல் அந்த மென்பொருளிலேயே சேதி போட்டார்: "நான் மூணாவது மாடியில இருக்கேன். ஜெராக்ஸ் ரூமுக்கு அடுத்த கதவு. வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க."

ஹாலில் அவசரக் கூட்டம் போட்டார்கள். "ஒளிஞ்சிருக்கிறவன் இருக்கிற இடத்தைச் சொல்வானாய்யா? நம்மளைத் திசை திருப்பறான்," என்றார் துணை இயக்குநர். மிஷினோ, சேதி ஏதோ பனி கொட்டும் தீவிலிருந்து வருவதாகக் காட்டியது.

அன்று கழிப்பறையில் துணை இயக்குநர் கை கழுவிக்கொண்டிருக்க, ஹாரன் பக்கத்துக் குழாயில் போய் நின்றார்.

"சார், வெள்ளிக்கிழமை என் பொண்ணு ஊருக்குப் போறா சார்."

துணை இயக்குநர் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். "குழாயில என்னமோ சத்தம் வருது. பிளம்பரைக் கூப்பிடணும்," என்று சுவரைத் தடவிக்கொண்டே வெளியேறினார். மறுநாள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, இலாகா செலவில் கம்பளிக் கோட்டு தைத்து, அந்தத் தீவுக்குத் தேடக் கிளம்பிவிட்டார்.

வாசலில் ஹாரனின் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்து தினமும் சண்டை. "என் வீட்டுக்காரர் எங்கேன்னு தெரியாதுங்கிறீங்க. கேரியர் மட்டும் எப்படிங்க காலியாகி வருது?"

"அதான் அக்கா எங்களுக்கும் புரியல," என்றார் காவலாளி.

வெள்ளிக்கிழமை ஹாரன் முடிவெடுத்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். எதிரே வந்த குமாஸ்தா சட்டென்று கூரையைப் பார்த்தார். கீழே ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய ஜீப் நின்றது. சாவியை எடுத்து வண்டியைக் கேட்டுக்கு ஓட்டினார்.

"என்னைத் தடுக்க மாட்டியா?"

"உங்களை நான் பார்க்கவே இல்லையேண்ணே," என்று கேட்டைத் திறந்துவிட்டார் காவலாளி. "பார்க்காத ஆளை எப்படித் தடுக்கிறது?"

வீட்டுக்குப் போய் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போய்ச் சேர்ந்தார். சின்ன நிலையம். போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒரே கூடம். மகள் வரிசையில் நின்றாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போன ஹாரன் எதிரே வந்த ஒரு கம்பளிக் கோட்டின் மேல் மோதினார். உள்ளே துணை இயக்குநர், தீவிலிருந்து திரும்பி, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து. பின்னால் கூடப் போன நாலு பேரும் அதே கோட்டில்.

"பிடிச்சுட்டோம்!" என்று அவர் அலறினார். "வெளிநாட்டுக்கு ஓடப் பார்த்திருக்கான்! மிஷின் பொய் சொல்லாதுன்னு நான் சொன்னேன்ல!"

"யாருங்க ஓடறது? இவருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது," என்றாள் மனைவி.

"பாஸ்போர்ட் இல்லாமலேயா? அது இன்னும் பெரிய குத்தமாச்சே! நட, மந்திரிகிட்ட இப்பவே காட்டணும்." நாலு கோட்டுகளும் ஹாரனின் கையைப் பிடித்தன. வரிசை நகர்ந்தது. மகளுக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர்தான்.

ஹாரன் குரல் முதல் தடவையாக இறங்கியது. "சார், இத்தனை நாள் உங்க எதிர்ல நின்னேன், நீங்க பார்க்கல. இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்காம இருங்க. அப்புறம் ஓடும்போது பிடிச்சோம்னே எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

துணை இயக்குநர் அவரைப் பார்த்தார், வரிசையில் அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாலு கோட்டுகளும் வரிசையாகத் திரும்பின.

"யாருப்பா அவங்க?" என்றாள் மகள்.

"என்னைத் தேடறவங்க பாப்பா. நல்ல மனுஷங்கதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், கையாட்டி, கூட்டத்தில் மறைகிறவரை ஹாரன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் போய்த் துணை இயக்குநரின் தோளைத் தட்டினார்.

"போயிட்டா சார். திரும்புங்க, கண்டுபிடிச்சுக்குங்க."