பாக்கெட் சாரின் போதனை முறை

அவருக்கு பாக்கெட் சார் என்று பெயர் வைத்தது எந்த வருடத்துப் பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்துவிட்டு, ஓகோ, இதனால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். மார்க்கர், பேனா, கண்ணாடி துடைக்கிற துணி என்று எல்லாவற்றையும் திணித்து அந்தப் பை எப்போதும் புடைத்துக்கொண்டிருக்கும். காரணம் அதுவல்ல. பல்கலைக்கழகத்தில் அவர் நடத்துவது கணினி வலையமைப்பு. ஒரு கணினி இன்னொன்றுக்கு அனுப்புகிற செய்தி சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்துதான் போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். வழியில் ஒன்று தொலைந்தால் அதை மறுபடி அனுப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் அவர் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை.

கடைசி வருடத்துக்கு அவர் எடுப்பது செமினார். வாரம் நாலைந்து பேர் முறை வைத்து முன்னால் நின்று ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். சார் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். நடுவில் கையைத் தூக்கி, "பாக்கெட் விழுந்துடுச்சுப்பா, மறுபடி அனுப்பு" என்பார். வகுப்பு சிரிக்கும். பேசுகிறவன் சொன்னதையே இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்வான்.

விஷயம் என்னவென்றால், பாக்கெட் நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது. சில வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவருடைய இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள் என்று இனி அவரை யாரும் திட்ட முடியாது. விடுவதற்கு மறு காது இல்லையே.

இது அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு நேர அட்டவணை போடுகிற நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கண் மங்கிப்போன ஒரு வாத்தியாருக்கு அப்படித்தான் நடந்தது. அந்த மனுஷன் இன்னும் அந்த அறையில்தான் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். வகுப்பு இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று பாக்கெட் சார் நம்பினார்.

பாதிப் பருவம் முடிந்ததும் மாணவர்களிடம் கருத்து வாங்குவது அந்தத் துறையில் வழக்கம். பெயர் போடாமல் எழுதலாம். அந்தத் தடவை கருத்துகள் வந்ததும் துறைத்தலைவி வராந்தாவிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். சாரைவிட வயதில் சின்னவர், மின்னல் வேகத்தில் பேசுகிறவர்.

"சார், பசங்க உங்க மெத்தடைக் கொண்டாடறாங்க! திரும்பச் சொல்ல வைக்கறதால பாடமே தெளிவாகுதாம். அடுத்த மீட்டிங்ல எல்லா ஆசிரியர்களுக்கும் இதைப் பத்தி நீங்க பேசணும்."

அவர் நின்றது சாரின் இடது பக்கம். சார் பாதியைத்தான் கேட்டார், முழுசாகத் தலையாட்டினார்.

விடுமுறை நாள் காலையில் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கருத்துகளை உரக்கப் படித்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். வழக்கம்போல வலது பக்கத்து நாற்காலி. காலை எட்டரைக்கு செமினார் வைப்பது கொடுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் பேசும்போது சார் ஜன்னலையே பார்க்கிறார், போரடித்தால் நேரடியாகச் சொல்லலாமே என்று இன்னொருவர். நல்ல காதைப் பேசுகிறவர் பக்கம் திருப்பினால் முகம் ஜன்னல் பக்கம் போகும். பாவம், பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? இன்னும் சிலர் திரும்பச் சொல்ல வைக்கும் அந்த உத்தியை வானளாவப் புகழ்ந்திருந்தார்கள்.

"காதே கேக்காம இத்தனை பேர் காதுல பூ சுத்தியிருக்கீங்களே, பெரிய ஆள்தாங்க நீங்க!" என்று மனைவி சிரித்தார். சாரும் சிரித்தார். அடுத்ததைப் படிக்கும்போது மனைவியின் குரல் இறங்கிவிட்டது.

"நான் பேசும்போது மட்டும் சார் நாலஞ்சு தடவை திரும்பச் சொல்லச் சொல்றார். எல்லாரும் சிரிக்கறாங்க. கடைசில ‘சரி, நல்லா இருந்துச்சு, உட்காரும்மா’ங்கறார். என் குரல் பேசறதுக்கு லாயக்கில்லைன்னு புரிஞ்சிடுச்சு. இனிமே என்னைக் கூப்பிட வேண்டாம். மார்க் போனாலும் பரவாயில்ல."

பெயர் இல்லாவிட்டால் என்ன, அத்தனை மெல்லிய குரல் வகுப்பில் ஒருத்திக்குத்தான். அவள் என்ன பேசினாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. நல்லா இருந்துச்சு என்று சொன்னதெல்லாம் பச்சைப் பொய். அவருக்கு வெட்கமாக இருந்தது. தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடுங்களேன்."

"பேர் போடாம எழுதினதும்மா அது. கூப்பிட்டா, நான்தான்னு கண்டுபிடிச்சிட்டாரேன்னு பயந்துடும். சொல்றதா இருந்தா மொத்த வகுப்புக்கும்தான் சொல்லணும்."

"அப்ப சொல்லுங்க."

"அட்டவணை போட வெச்சிடுவாங்க."

"போடுங்க. அந்தப் பொண்ணு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போறதைவிட அது ஒண்ணும் மோசமில்ல."

அவருக்குக் கோபம்கூட வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த செமினாரில் பட்டியல்படி முதலில் அவளுடைய முறை. அவள் எழுந்திருக்கவில்லை. சார் எழுந்தார்.

"எனக்கு இடது காது கேக்காதுப்பா. ரொம்ப நாளாவே."

கடைசி பெஞ்சில் ஒருவன், "அப்ப அந்த பாக்கெட், சார்?" என்றான்.

"நிஜமாவே விழுந்துச்சு. அதுல உத்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மெதுவாப் பேசினவங்க யார் மேலயும் தப்பில்ல. நீங்க சிரிச்சீங்க, வசதியா இருக்குன்னு நானும் சிரிக்க விட்டேன். அது என் தப்பு."

சாப்பாட்டு வேளைக்குள் இது துறைத்தலைவியின் அறைக்குப் போய்விடும். போகட்டும் என்று நாற்காலியை இழுத்து, பேசுகிறவர் நிற்கும் இடத்துக்கு ஒட்டி, வலது காது அந்தப் பக்கம் வரும்படி போட்டுக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை. அவளே எழுந்து வந்தாள்.

ஒரு பாக்கெட்டுக்குப் பல வழிகள் இருந்தால் எது நல்ல வழி என்று எப்படித் தீர்மானிப்பது என்பது அவள் தலைப்பு. அதே மெல்லிய குரல். சார் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. அவள் முடித்ததும், "ரெண்டு இடத்துல தப்பாச் சொல்லிட்டம்மா" என்று இரண்டையும் விளக்கினார்.

ஒன்றை அவள் ஒத்துக்கொண்டாள். இன்னொன்றுக்கு, "இல்ல சார், நான் சொன்னதுதான் சரி" என்று சண்டைக்கு வந்தாள். அது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.