கம்ப்யூட்டர் வென்று கொடுத்த மேட்சுகள்

கம்ப்யூட்டர் வேலையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான். செய்த தப்புகளில் பெரும்பாலானவற்றை யாருக்கும் தெரியாமல் நானே திருத்திவிட்டேன். ஒன்றை மட்டும் ஒரு மனிதரின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் சேவியர் சார் நடத்திய சின்ன டேட்டா பிராசசிங் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு பெட்டி நிறையப் பழைய நோட்டுகளை என் மேசையில் இறக்கினார்.

“பக்கத்து ஊரு பேஸ்பால் கிளப்போட ரெக்கார்டு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். உனக்கு பேஸ்பால் தெரியுமா விஜயா?”

“கிரிக்கெட் தெரியும் சார்.”

“ரெண்டுலயும் மட்டையும் பந்தும்தானே. சமாளிச்சிரு.”

கிளப்பின் மேனேஜர் ஃபிராங்குக்கு அறுபது வயதிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி கோப்பைகளை வைக்க இடமில்லாமல் திண்டாடியது. இவர்கள் ஆபீசில் கோப்பைக்கென்று ஒரு அலமாரிகூட இல்லை. மைதானத்தை ஷாப்பிங் மால் கட்ட விற்றுவிடலாமா என்று கிளப்பின் முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். ஃபிராங்க் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் நிற்பது இப்படி:

“நாங்க எப்பவுமே இவ்வளவு மோசமில்லன்னு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் குடு விஜி. அத வெச்சு நான் அவர்கிட்ட பேசிக்கறேன்.”

நோட்டில் தேதி, மைதானம், எதிரணியின் பெயர், பிறகு 3–7 என்பதுபோல் இரண்டு எண்கள். எது யாருடையது என்று எழுதவில்லை. யாருடைய மைதானமோ அவர்களுடையதுதான் முதலில் என்று நானே வைத்துக்கொண்டேன். கிரிக்கெட்டில் சொந்த ஊர் அணியின் பெயரைத்தானே முதலில் போடுவார்கள்? ஃபிராங்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவள், தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பிரிண்டர் கக்கிய தாளில், கிளப் ஆற்றுக்கு அப்பாலுள்ளவர்களை அநேகமாக எல்லா வருடமும் வென்றிருந்தது. ஃபிராங்க் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அங்கிருந்தே முதலாளிக்கு போன் பண்ணினார். எனக்கு சனிக்கிழமை மேட்சுக்கு டிக்கெட் கொடுத்தார்.

நான் பார்த்த முதல் பேஸ்பால் மேட்ச் அது. ஸ்கோர்போர்டில் எங்கள் கிளப் கீழ் வரியில் இருந்தது.

“நம்ம கிரவுண்டுதானே? நம்ம பேர் ஏன் கீழ இருக்கு?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபிராங்கிடம் கேட்டேன்.

“வெளியூர்க்காரங்கதான் முதல்ல பேட் பண்ணுவாங்க. அதனால அவங்க மேல, நாம கீழ. எப்பவும் அப்படித்தான்.”

நோட்டிலும் அதே வரிசையில்தான் எழுதியிருந்தார்கள். நான் ஏற்றிய அத்தனை எண்களும் இடம் மாறியிருந்தன. வெற்றி என்று அச்சடித்ததெல்லாம் தோல்வி.

போன் பூத்துக்கு ஓடி சேவியர் சாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். “சொல்லாம விட்டா கிரவுண்டு தப்பிச்சிருமா சார்?” என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

“தப்பிக்கலாம். ஆனா முதலாளி ஒருநாள் நோட்டைப் பொரட்டிப் பாத்தா, ஃபிராங்கைத்தான் பொய்யன்னு சொல்லுவாரு. போய்ச் சொல்லிரும்மா.”

சொன்னேன். ஃபிராங்க் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்றும் எதிரணிதான் முன்னால் இருந்தது.

“இருபது வருஷமா இதே சீட்ல உட்கார்ந்து பாக்கறேன்,” என்றார். “தோத்தது எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எப்படி நம்பினீங்க?”

“கம்ப்யூட்டர் சொல்லிச்சே. எனக்குத்தான் ஞாபகம் கொழம்பிடுச்சுன்னு நெனச்சேன். சந்தோஷமா இருந்தது, விஜி.”

ப்ரோக்ராமில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். அத்தனை வருடங்களும் மறுபடி தோற்றன. சரியான ரிப்போர்ட்டை ஃபிராங்கே முதலாளியிடம் கொண்டுபோனார். அந்த சீசனோடு கிளப்பை மூடிவிட்டார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிப்போர்ட் கையைவிட்டுப் போகும் முன், விடை தெரிந்த ஒரு மேட்சையாவது அதில் தேடிப் பாருங்கள். தன் கண்ணால் கண்டதைவிட நாம் கொடுக்கும் தாளை நம்புகிறவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். ஃபிராங்கை எதிரணிகள் இருபது வருடம் தோற்கடித்தன. அத்தனையையும் தாங்கிக்கொண்டு அடுத்த மேட்சுக்கு வந்தவர், என்னிடம் தோற்ற பிறகு அந்த சீசனின் மிச்ச மேட்சுகளுக்கு மைதானத்துக்கே வரவில்லை.