எது புதுப் பலகை

என் அண்ணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். நாய் ஆகாது, லிஃப்ட் ஆகாது, உயரம் அறவே ஆகாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது மரத்துக்கு வயசாக்கும் வேலை. தச்சனான என் அண்ணன் பழைய கட்டடங்களில் இற்றுப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவான். அதைப் பழசோடு பழசாகத் தெரியவைப்பது அண்ணி. உப்புத்தாள் தேய்ப்பது நான்.

மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பசையை வெயில் வருடக்கணக்கில் உடைக்கும். மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மிச்சம் நிற்கும் நார் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அதுவரை யார் காத்திருப்பது? அண்ணி பலகையில் கடுந்தேநீரைப் பூசுவாள். அதன் துவர்ப்பு உள்ளே இறங்கியதும், துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்த வினிகரைத் தடவுவாள். இரும்பும் துவர்ப்பும் சேர, வெளுத்த மரம் கண்ணெதிரே சாம்பல் பூத்துக் கிழடு தட்டிவிடும். எப்போதும் வினிகர் வாடையோடு திரிகிறவளை அண்ணன் வினிகரின் தமிழ்ப் பெயரால் 'காடி' என்றுதான் கூப்பிடுவான்.

அந்த விடுதியில் எங்கள் வேலை மூன்றாவது மாடியில், இரண்டு கட்டடங்களை இணைக்கும் மரப்பாலத்தில். கீழே கருங்கல் பாவிய முற்றம். கைப்பிடிகளைக் கழற்றியிருந்தோம். அண்ணன் ரொம்ப மோசமான பலகைகளை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றிவிட்டு, மீதி வேலைக்கு மரம் வாங்கப் போயிருந்தான். எல்லாம் மாற்றி முடியும்வரை வெளுத்த புதுப் பலகையில் மட்டும்தான் கால் வைப்பான்.

அந்த நேரம் பார்த்து விடுதி முதலாளி வந்தார்.

"என்னம்மா இது, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி? சாயங்காலம் நான் வர்றப்ப புதுசு பழசு தெரியக் கூடாது."

அண்ணிக்கு உயரத்தைவிட அவர்மேல் பயம் அதிகம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, புதுப் பலகைகள் மேலேயே பின்பக்கமாகத் தவழ்ந்து, எல்லாவற்றுக்கும் பூசி முடித்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை. திட்டுவானாம்.

மறுநாள் காலை அண்ணன் தோளில் பலகையோடு, கீழே பார்க்காமல், பழகிய எட்டில் விறுவிறுவென்று நடந்தான். பாலத்தின் நடுவில் மளுக்கென்று சத்தம். ஒரு கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. தோளிலிருந்த பலகை முற்றத்தில் விழுந்து சிதறியது. காலை மெல்ல உருவிக்கொண்டு பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தான். அதுவும் முனகியது.

"காடி, எது புதுசு?" அப்படியொரு குரலை நான் அவனிடம் கேட்டதே இல்லை. "எதுல கால வைக்கட்டும்?"

பாலத்து வாசலில் நின்று அண்ணி பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தனையும் ஒரே சாம்பல். எங்களிடம் இருந்த ஏணி முதல் மாடிக்குக்கூட எட்டாது.

"தெரியலைங்க." அவளுக்குப் பல் கிட்டியது. "எனக்கே தெரியலை."

திடீரென்று உள்ளே ஓடினாள். கறை எடுக்க வைத்திருக்கும் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலை வாளியோடு தூக்கிவந்தாள்.

"கண்ண மூடிக்கோங்க. பட்டா எரியும்."

வாசலில் நின்று குவளை குவளையாக வீசினாள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் அடியில் பலகை மறுபடி முனகியது. பிறகு ஒரு பலகை மெல்ல வெளிறியது. அப்பால் இன்னொன்று. இரும்புக் கறை அமிலத்தில் கரைந்துகொண்டிருந்தது. வெயில் கொடுத்த சாம்பல் இருந்தபடியே இருந்தது.

"இப்பக் கண்ணத் தொறங்க. வெளுத்ததுல மட்டும் வாங்க."

தவழ்ந்து வந்தான். வாசலை நெருங்கும் இடத்தில் மூன்று பழைய பலகைகள் சேர்ந்தாற்போல் கிடந்தன. அங்கே நின்றுவிட்டான். அண்ணி, லிஃப்ட்டுக்குப் பயந்த என் அண்ணி, வாசலோரப் புதுப் பலகையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். நான் அவள் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கால்கள் உதறிய உதறல் என் பற்களுக்கு வந்தது. அண்ணன் கையைப் பிடித்துத் தாவினான். மூவரும் உள்ளே உருண்டோம்.

சத்தம் கேட்டு முதலாளி மேலே வந்தார். "நேத்து சாயங்காலம் பார்த்தேனே, அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஏன் இப்படி நாசம் பண்ணி வச்சிருக்கீங்க?"

வழக்கமாக அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிபவள் எழுந்தாள். உதறல் நின்றபாடில்லை. உதறிக்கொண்டே சொன்னாள்.

"நல்லா இருந்ததாலதான் சார் இவரு விழப் பார்த்தாரு. கடைசிப் பழைய பலகை போற வரைக்கும் இது இப்படித்தான் இருக்கும்."