அக்காவுக்குக் கூட்டிய ஆறு வயது

வெள்ளைச் சாயம் பூசிய அந்தப் பலகையை நான் நூறு தடவையாவது கடந்து போயிருப்பேன். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு ரப்பர் காட்டின் முனையிலும் அப்படி ஒன்று நிற்கும். காட்டின் எண், எத்தனை ஏக்கர், மரம் நட்ட ஆண்டு, அவ்வளவுதான் அதில் இருக்கும். போன புதன்கிழமை உச்சி வெயிலில், கையில் சோற்றுத் தூக்கோடு எட்டாம் நம்பர் காட்டின் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. தட்டிவிட்டது அக்காதான். அவளுக்கே அது தெரியாது.

அக்கா பலகையின் அடியில் உட்கார்ந்து, லாலாங் புல் வெட்டிக் கன்றிப்போன உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் எதிரேயிருந்த மரங்களின் மேல் இருந்தது. பதினைந்து வருஷமாக அவள் பால் வெட்டிய நிரை அது. இப்போது வேறொருத்தி வெட்டுகிறாள்.

"பாரு, பட்டைய எப்படிக் காயம் பண்ணி வச்சிருக்கா," என்றாள். பிறகு தனக்குத்தானே பேசுவது போல, "இந்தக் காடு நட்டப்ப எல்லாரும் கன்னு தூக்கிக்கிட்டு வந்தாங்க தம்பி. நான் ஒருத்திதான் வரலை. ஒத்தக் கன்னுகூட நான் நடலை."

"ஏன், காய்ச்சலா?"

"காய்ச்சலா! குச்சுல இல்ல உக்காந்திருந்தேன். மாமா அத்தாப்பு ஓலையில கட்டிக் குடுத்தாரே, அந்தக் குச்சு."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். பெண் பெரியவளானால் தாய்மாமன் கட்டும் குடிசை அது. அந்தப் பேச்சைத் தம்பியிடம் யார் பேசுவார்கள்? சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சோத்தக் குடுடா, பசிக்குது," என்றாள்.

நான் தூக்கைக் கொடுக்கவில்லை. பலகையைப் பார்த்தேன். அதிலிருந்த ஆண்டுக்கு இன்றோடு இருபத்தைந்து வருஷம். அன்றைக்குப் பெரியவளான பெண்ணுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். தாராளமாகப் போட்டால் பதினான்கு. அப்படியானால் அக்காவுக்கு முப்பத்தெட்டு, இல்லையென்றால் முப்பத்தொன்பது. நாற்பத்து நாலு இல்லை என்பதற்குப் பலகையே சாட்சி! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

நாற்பத்து நாலு எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் வாயிலிருந்துதான் வந்தது.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் துரையிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இனி பால்வெட்டு இல்லை, புல்வெட்டுதான். அவர்களில் புருஷன் துணை இல்லாதவர்களை அடுத்தடுத்து வரும் கப்பல்களில் நாகப்பட்டினத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவது. அத்தானைக் காய்ச்சல் கொண்டுபோய்ப் பத்து வருஷம் ஆகிறது. எனக்கு அம்மா முகமே தெரியாது. என்னைப் பெற்ற கையோடு அவள் போய்விட்டாள். அப்பாவும் சீக்கிரமே போனார். அக்கா பால் வெட்டித்தான் என்னைத் தோட்டத்துப் பள்ளிக்கும், பிறகு குளுவாங்கில் இங்கிலீஷ் பள்ளிக்கும் அனுப்பினாள். இப்போது தோட்டத்துப் பள்ளியில் உதவி வாத்தியாராக இருக்கிறேன். அந்த வாத்தியார் திமிர்தான் அன்றைக்குப் பேசியது.

உத்தரவு வந்த மறுநாள் ஆபீஸ் பக்கம் போயிருந்தேன். கணக்கு எழுதும் கிராணியார் வயதுப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், மீசைக்குக் கறுப்பு பூசிக்கொள்வார். "தம்பி, ஒங்க அக்காவுக்கு என்ன வயசு? ஆளப் பாத்தா முப்பத்தஞ்சுன்னு போடலாம். போட்டுரவா?" என்றார்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நானோ, "சும்மா போடாதீங்க சார், கப்பல் சீட்டே வீட்டுல இருக்கு," என்று ஓடினேன். தகரப் பெட்டியைக் குடைந்து, மடிப்புகளில் கிழிந்துபோன சீட்டைக் கொண்டுவந்து அவர் மேஜையில் விரித்தேன். கப்பல் ஏறியபோது வயது பதினெட்டு என்றிருந்தது. வந்து இருபத்தாறு வருஷம். அவர் பென்சிலை எடுக்குமுன் நானே உரக்கச் சொன்னேன்: "நாற்பத்து நாலு!" எவ்வளவு பெருமை அந்தக் குரலில்! கணக்கு சரியாக வந்ததில் உத்தரவே மறந்துவிட்டது. கிராணியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீயே சொல்லிட்ட, அப்புறம் நான் என்ன செய்ய," என்று எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் அக்கா சொன்னாள், சீட்டில் இருப்பது அப்பா சொன்ன பொய் என்று. கப்பல் ஏறும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பன்னிரண்டு என்றால் அரை ஆள். பதினெட்டு என்றால் முழு ஆள், முழுச் சம்பளம். அவள் வளர்த்தியான பெண். குதிகாலை உயர்த்தி நிற்கச் சொன்னாராம் அப்பா. கப்பலில் ஏற்றுமுன் சோதித்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். எங்கள் லயத்து வீடுகளில் இப்படி வயதைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் இன்னும் எத்தனை பேரோ!

மறுநாள் விடியற்காலையில் ஆட்களைப் பேர் சொல்லிப் பிரித்தனுப்பும் பெரட்டுக் களத்தில் நானும் நின்றேன். புதுக் கங்காணி என் வயதுக்காரன். என்னோடு கோலி விளையாடியவன். பசித்தால் எங்கள் வீட்டில் வந்து அக்கா கையால் சாப்பிட்டவன். முந்தின நாள்வரை அவனுக்கும் அவள் அக்காதான். கையில் பட்டியல் வந்ததும் குரல் மாறிவிட்டது.

"ஏ கிழவி, அங்க என்ன நிக்கிற? புல்வெட்டுக்கு இந்தப் பக்கம் வா!"

நான் பாய்ந்திருப்பேன். அதற்குள் அக்கா திரும்பிவிட்டாள். எந்தக் கிழவியை என்று சுற்றிப் பார்க்கவில்லை. தன்னைத்தான் என்று ஏற்றுக்கொண்டு நடந்தாள். 

அன்றிலிருந்து அவள் நடையே வேறு. முன்பெல்லாம் இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு அவள் வரும் வேகத்தைப் பார்த்து, "ரயில் வருது, ஒதுங்குங்க!" என்று கேலி செய்வார்கள். "டிக்கெட் எடுத்தவங்க மட்டும் ஏறுங்க," என்று அவளும் விடாமல் சொல்லிக்கொண்டு போவாள். அந்தச் சத்தத்துக்காக நான் ஏங்குகிறேன். இப்போது எழுந்திருக்கும்போது முழங்காலில் கை ஊன்றி, "அப்பாடா" என்கிறாள். மாங்காய்த் துண்டைக்கூட, "எனக்கு எதுக்கு இனிமே, பல்லு கூசும்," என்று ஒதுக்குகிறாள். இரண்டே மாதத்தில் பல் கூசுமா? துரைக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும்; தினமும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பந்தடிக்கிறார். யாரும் அவரைக் கிழவன் என்று சொல்லிக் கேட்டதில்லை. எட்டாம் நம்பர் மரங்களுக்கு இருபத்தைந்து வயது; இன்னும் நன்றாகப் பால் கொடுக்கின்றன என்று கிராணியாரே மெச்சுகிறார். இவளுக்கு மட்டும் என்ன அவசரம்?

ஆனால் அவளுக்கும் ஏக்கம் விடவில்லை. காலை நாலு மணிக்கே விழித்துக்கொள்கிறாள். புல்வெட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் போக வேண்டியதில்லை. பால் வெட்டும் உளியைத் தீட்டுகிறாள். ஆபீஸில் திருப்பிக் கொடுக்க வேண்டிய உளி அது; கொடுக்காமல் வைத்திருக்கிறாள். தீட்டி, விரல் நகத்தில் கூர் பார்த்து, துணியில் சுற்றி, மறுபடி கூரையில் செருகிவிடுகிறாள். நான் தூங்குவது போலப் படுத்திருப்பேன்.

புதன்கிழமை சாயங்காலம் என் யோசனையை மூச்சு விடாமல் சொன்னேன். பலகையில் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டில்தான் அவள் பெரியவளானாள் என்பதைத் துரையிடம் சொன்னால் போதும். பெரியவளாகாத பெண்ணுக்கு அதற்கு முந்தின வருஷம் பதினெட்டு எப்படி இருந்திருக்கும்? சீட்டு பொய்யாகிவிடும்!

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள்.

"யார்கிட்ட போய் எதச் சொல்லப் போற?"

"துரைகிட்டதான். நானே இங்கிலீஷ்ல..."

"வாய மூடுடா! நான் எப்ப உக்காந்தேன்னு ஆபீஸ்ல நின்னு நீ சொல்வியா? கிராணி கேப்பாரு, கங்காணிப் பய கேப்பான். நான் கப்பல்லயே போயிர்றேன்."

"அங்க யாரு இருக்கா ஒனக்கு?"

"இங்க யாரு இருக்கா? கிழவின்னு கூப்பிட ஆளு இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் இருக்கேன்ல," என்றேன். "நாற்பத்து நாலுன்னு சொன்ன வாயாலயே நான் மாத்திச் சொல்லணும் அக்கா. வேற வழி இல்ல."

அவள் மறுபடி அரிசியில் கையை விட்டாள். உலை கொதித்து வழிந்தது; நான்தான் எழுந்து மூடியை எடுத்தேன். பிறகு மெதுவாக, "நீ சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்," என்றாள். "மாமா சொல்லலாம். குச்சு கட்டுனவருக்குத்தான் அதச் சொல்ல உரிமை. அன்னைக்கும் ஊருக்குச் சொன்னவரு அவருதான்."

மாமா சிம்பாங் ரெங்கத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். தன் மகனுக்கு அக்காவைக் கேட்டவர். அக்கா அத்தானைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வாசலை மிதிக்காதவர். அத்தான் செத்ததற்கும் வரவில்லை. அவரிடம் போக அக்கா வாய்விட்டுச் சொல்கிறாள் என்றால், அவளுக்கு இங்கே இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அவளே நேரில் வந்து கேட்காவிட்டால் மாமா அசைய மாட்டார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம், ஒரு புது வேட்டி எல்லாம் தட்டில் எடுத்து வைத்தாகிவிட்டது. மாமா உள்ளே கூப்பிடாவிட்டால் அவர் லயத்து வாசலிலேயே தட்டோடு நிற்பது என்று அக்கா சொல்லிவிட்டாள். அவர் முகம் கொடுத்துப் பேசினால், அவரைத் திங்கட்கிழமை துரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு. அவர் தமிழில் சொல்வதை, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.