பவதாரிணிக்கு ஒதுக்கிய வேலை

ஹம்சவேணிக்குக் கோபமே வராது என்று சொல்பவர்கள் அவளோடு வேலை பார்க்காதவர்கள். மதுரை மஹால் பக்கத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பெண், நாற்பத்தொரு வயது. கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே சம்பளத்துக்கு உழைத்துவிட்டு, சம்பளமில்லாமல் உழைக்க வீட்டுக்கு வருவாள். உயிர் என்னவோ இந்த இரண்டாவது வேலையில்தான் இருந்தது.

'மருந்திருக்கா' என்று ஒரு செயலி. பாம்பு கடித்தால் போடும் ஊசி, மதுரையைச் சுற்றி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று போனில் காட்டும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உள்ளே எழுதியிருக்கும் புரோகிராமை யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு விசாரிக்க முப்பது பேர், புரோகிராம் எழுதப் பதினைந்து பேர், எல்லாரும் தாமாக வந்தவர்கள். இத்தனை பேரைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட காரியமா? ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொட்டால் முறுக்கிக்கொள்வார்கள். அதட்ட வேண்டியவர்களை அதட்டி, கெஞ்ச வேண்டியவர்களிடம் கெஞ்சி ஹம்சவேணி நாலு வருஷம் ஓட்டிவிட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் படும் சின்னக் குறைகளைத் தானும் திருத்த மாட்டாள், பழைய ஆட்களையும் தொட விட மாட்டாள். 'முதல் வேலை' என்று குறித்து, புதிதாக வருகிறவர்களுக்கு வைத்திருப்பாள். ஒன்றையாவது செய்து முடித்தவர்கள்தான் நிலைப்பார்கள். இந்த மாதிரிக் குழுக்கள் பலவற்றிலும் இது உண்டு, நல்ல வழக்கம்தான். அதனால்தான் எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு குறை தெரிந்தது. ஒரு வாரமாக யாரும் விசாரிக்காத ஆஸ்பத்திரியிலும் மருந்து 'இருக்கிறது' என்றே பச்சையாகக் காட்டியது. மூன்று நாள் தாண்டினால் 'போன் செய்து கேளுங்கள்' என்று மாற வேண்டும். கோரிப்பாளையத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் அழகுராஜா, முதல் நாளிலிருந்து கூட இருப்பவன், உடனே கேட்டான்.

“நான் போட்டுர்றேன்க்கா. ரெண்டே வரி.”

“வேணாம் அழகு. பவதாரிணிக்கு வச்சிருக்கேன்.”

பவதாரிணி திருப்பரங்குன்றத்துக்காரி. கல்யாணத்தோடு கம்ப்யூட்டர் வேலையை விட்டு எட்டு வருஷம். ‘எனக்கு இன்னும் வருமான்னு பாக்கணும்க்கா’ என்று எழுதிக் குழுவில் சேர்ந்தவள். முதல் வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் மாமியார் வழுக்கி விழுந்துவிட்டார். ஹம்சவேணி அவசரப்படுத்தவில்லை. இனி எல்லா ஆஸ்பத்திரிக்கும் இரண்டு நாளுக்கொரு தரம் யாராவது போன் போட்டுவிடுவார்கள் என்ற தைரியம்.

செக்கானூரணிப் பக்கம் விசாரிக்கும் பெண் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், ஆறு நாள் போன் போடவில்லை. அந்த ஆறாம் நாள் விடிகாலையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன கருத்தக்கண்ணனைப் பாம்பு கடித்தது. மனைவி சத்யப்ரியா போனைப் பார்த்தாள். பக்கத்து ஆஸ்பத்திரி பச்சை. அங்கே போனால் மருந்து தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. மதுரைக்குத் திருப்பிய ஆம்புலன்சிலேயே அவர் உயிர் போய்விட்டது.

செயலியில் இருந்த நம்பருக்கு அன்று மத்தியானம் சத்யப்ரியாவின் தம்பி போன் போட்டுச் சத்தம் போட்டார். அதற்குப் பின் ஒரு மணி நேரத்தில், அது எதுவும் தெரியாத பவதாரிணி அந்த இரண்டு வரியை முடித்து அனுப்பினாள். ‘வந்துருச்சுக்கா! எனக்கு இன்னும் வருது!’

வரிகள் சரியாக இருந்தன. ஹம்சவேணி செயலியில் சேர்த்துக்கொண்டாள். முதல் வேலை முடித்தவர்களுக்கு எழுதும் பாராட்டை எழுத உட்கார்ந்து, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

தவறு நடந்தால் நடந்ததைப் பொதுப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க எழுதிவைப்பது குழுவின் விதி, அவளே போட்டது. எழுதினாள். ‘வேலையை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தது நான்’ என்று தன் பெயரை மட்டும் போட்டாள். ஆனால் எந்த வேலை யாரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதும் அங்கே திறந்துதானே கிடக்கிறது! மறுநாள் காலையில் பவதாரிணி படித்துவிட்டாள். ஒரு வார்த்தை எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினாள். போனையும் எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஹம்சவேணி சத்யப்ரியா வீட்டுக்குப் போனாள். பவதாரிணியின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது உட்பட, கருத்தக்கண்ணன் இறந்த நாள்வரை நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“அந்த ரெண்டு வரி எழுத எம்புட்டு நேரமாகும்?”

“பத்து நிமிஷம்மா.”

“எத்தன நாளு வச்சிருந்தீக?”

“பத்தொம்பது நாளு.”

“ஒரு ஆளு வேல பழகவா எங்க வீட்டு ஆளு போனாரு?” என்றாள் சத்யப்ரியா. ஹம்சவேணி கையெடுத்துக் கும்பிட்டாள். வேறென்ன செய்வாள்?

வாசல்வரை வந்த சத்யப்ரியா அவள் கையைப் பிடித்தாள்.

“அந்தப் புள்ளகிட்ட மட்டும் சொல்லிறாதீக. பச்சப்புள்ள வச்சிருக்கவ, தாங்க மாட்டா.”

“சொல்லலம்மா” என்றாள் ஹம்சவேணி.