பூட்டனை மடியில் வைத்திருந்தவள்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். கலியாணப் பேச்சு வந்தால் போதும், தொலைபேசியை எடுத்து, மாப்பிள்ளை ஆருடைய மகன், எந்த ஊர், தாய்வழி எங்கே என்று துருவித் துருவி விசாரித்துவிடுவோம். என் மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது நான் யாருக்கு எடுப்பது? பெடியனின் தாய்க்கே எடுத்தேன்.

“உனக்கென்ன விசரே? சம்பந்தியிட்டையே சம்பந்தியைப் பற்றி விசாரிக்கிறாய்!” என்று என் மனுசன் தலையில் அடித்துக்கொண்டார். மகள், “அம்மா, ப்ளீஸ், டோன்ட்!” என்றாள்.

மெல்பேர்ன் சம்பந்திக்கோ வாயெல்லாம் பல். அவருடைய பிள்ளைகள் காதிலேயே போட்டுக்கொள்ளாத கதை அது. அவருடைய பூட்டனின் தகப்பன் அமெரிக்காவில் மாட்டு வண்டியில் மேற்கே போய்க் காடு வெட்டிக் குடியேறியவராம். அங்கே பிறந்த பூட்டன் வாலிபத்தில் கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்தவர். சம்பந்தி பல வருடங்களாக இந்த வம்சவழியைத் தேடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு எங்கள் கதை தொலைபேசியில் மணிக்கணக்காக நீண்டது.

கலியாணத்துக்கு முதல் கிழமை எங்கள் வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு வந்து இறங்கினார். கையில் துவாயில் சுற்றிய பழைய படம். இளம்பெண் ஒருத்தி, மடியில் குழந்தையாகப் பூட்டன். மணமக்களுக்குப் பரிசாகக் கொடுக்கவென்று வைத்திருந்தது. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மனுசி குடிக்காமல் அழத் தொடங்கிவிட்டார். புறப்படுவதற்கு முதல்நாள்தான் கண்டுபிடித்தாராம், பூட்டன் பிறந்த பிறகுதான் தகப்பன் படத்திலிருக்கிற அந்தப் பெண்ணைக் கட்டியிருக்கிறார். பெற்றவள் பிள்ளைப்பேற்றோடு போய்விட்டாள்.

“இவ்வளவு காலமும் யாரோ ஒருத்தியை என் இரத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எப்படிக் கொடுப்பது?” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் பெற்றவளும் அப்படித்தான் போனாள். அவளுடைய தங்கச்சியையே அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். கைக்குழந்தையை வேறு ஆரை நம்பிக் கொடுப்பது? முறைக்குச் சின்னம்மா, நான் கூப்பிட்டது அம்மா என்றுதான்.

“யாரோ ஒருத்தியா? செத்தவளின் தங்கச்சியாகத்தான் இருப்பாள், தேடிப் பாருங்கள்!” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தி, என் கதையையும் கொட்டித் தீர்த்தேன்.

சம்பந்தி, அமெரிக்காவில் பூட்டன் பிறந்த ஊர்க் கல்லறைகளைப் படமெடுத்து அனுப்பி உதவுகிற ஒருவருக்கு அன்றே எழுதினார். கலியாணத்துக்கு முன்பே படங்கள் வந்துவிட்டன. பெற்றவள், வளர்த்தவள் இரண்டு பேரின் கல்லறைகளிலும் ஒரே தகப்பனின் மகள் என்று வெட்டியிருந்தது.

சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்து மூச்சுத்திணற வைத்துவிட்டார். படம் பிள்ளைகளுக்குத்தான் என்றார். பிறகு கேட்டார், “உயிரோடு இருந்தபோது உங்கள் அம்மா, உங்களைப் பெற்றவரைப் பற்றிப் பேசுவாரா?”

“பேச்செடுத்தாலே அழுவார்.”

பெற்றவளைத் தின்ற பிள்ளை என்று ஊர் சொன்னதை நினைத்து, எனக்காகத்தான் அழுதார் என்று இந்த வயது வரைக்கும் நம்பியிருந்தேன்.

“பாவம், அவருடைய அக்கா அல்லவா,” என்றார் சம்பந்தி.

ஐயோ, அக்கா! ஒருநாளாவது எனக்கு அது உறைத்ததா? அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, அக்காவைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைக்காகக் குசினிக் கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதேன்.